வயித்த எதுக்குப் பாக்கணும்?

முற்றத்தில் இறக்கிவிட்டதும் ரிஜோ ரெண்டு காலையும் அகட்டி, கைகளை விரித்து, ஆடி ஆடி நின்றான். ரெண்டு வயது நிறையாத, அதுவரை ஓடித் திரிந்த பயல். "பாத்தியாடே பிரபின், வள்ளத்துல நிக்க மாதிரியே நிக்கான். எனக்க ரெத்தம்லா!" என்றார் சகாயம் அத்தான் என்னிடம். கடலுக்குப் போய் வந்தவர்களுக்குத் தரையும் கொஞ்சநேரம் ஆடும். கடியப்பட்டணத்தில் அதை யாரும் நோயில் சேர்ப்பதில்லை. கடலுக்கே போகாமல் ஆடுகிறவனை மேதைகளில் சேர்த்துவிட்டோம்.

பிறகு கண்ணும் ஆடத் தொடங்கியது. கருவிழிகள் மேலும் கீழும் பக்கவாட்டிலும், ஒரு ஒழுங்கில்லாமல் வெட்டி வெட்டித் துள்ளின. பிரிஜா அக்கா அவன் முகத்தை இரு கைகளாலும் பிடித்து, "அம்மையப் பாரு மக்களே" என்பாள். அவன் பார்க்க முயல்வது தெரியும்.

நாகர்கோவில் கண் டாக்டர் கண்ணில் ஒன்றுமில்லை என்றார். நரம்பு டாக்டர் ஸ்கேன் எடுத்து, தலையிலும் ஒன்றுமில்லை என்றார். ஊருக்கு வந்து ஒன்றுமில்லை என்று சொன்னோம். பக்கத்து வீட்டு சகாயசெல்வி மாமி சந்தோஷத்தில் சாளை மீன் கொடுத்துவிட்டாள்.

திருவனந்தபுரத்து டாக்டரம்மா அவனை நடக்கவிட்டு வெகுநேரம் பார்த்தாள். "எப்போழா துடங்ஙியது?" என்று மலையாளத்தில் கேட்டாள்.

அதை யாரும் அத்தானுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "ஈஸ்டருக்கு முந்தியே ஆடுனாம்மா... நான் வள்ளத்துல நிக்க மாதிரின்னு..." என்றார். டாக்டரம்மா ரிஜோவின் வயிற்றை மெதுவாக அழுத்தியபடி என்னிடம் பேசினாள். கல்லூரி மேடையில் மிமிக்ரிக்கு மட்டும் உதவிய என் மலையாளத்துக்கு அன்று எல்லாம் புரிந்து தொலைத்தது.

"என்னலே செல்லுதாவ?" என்றாள் அக்கா.

"வயித்த ஸ்கேன் எடுக்கணுமாம்."

"கண்ணு ஆடுனா வயித்த எதுக்குலே பாக்கணும்?" அத்தான் சீறினார். "ஒனக்கு மலையாளம் தெரியுமா, இல்ல அடிச்சு விடுதியா?"

"உள்ள எங்கயாவது கட்டி இருக்கான்னு பாக்கணுமாம். அத எதுத்து அடிக்கப் போயி ஒடம்பு மூளையையும் சேத்து அடிக்குமாம், கண்ணு ஆடுறது அதுலயாம். ரொம்ப அபூர்வமாம்." பிறகு, "கட்டி இல்லாமலும் வருமாம்" என்றேன். அக்கா அந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு தடவை கேட்டாள்.

மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் மேசையில் கிடத்தினார்கள். கை, கால், தலை எல்லாம் அடங்கிவிட்டன. மூடிய இமைகளுக்குள் மட்டும் கருவிழி ரெண்டும் ஓடிக்கொண்டே இருந்தன. "மாறி நில்லுங்க" என்றார் ஸ்கேன் எடுப்பவர். அத்தான் நகரவில்லை. விரித்த உள்ளங்கையை அந்தக் கண்களுக்கு மேலே, தொடாமல், அப்படியே பிடித்திருந்தார்.