பன்னிரண்டு வோல்ட் பெண்

“பொண்ணு பன்னெண்டு வோல்ட்டாமா. மாப்பிள்ளை ஆறுதான். எப்பிடி ஒத்து வரும்?”

பல்லடம் பஸ்ஸில் முன்சீட்டில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. என் மடியில் இருந்த காயிலைப் பற்றிய பேச்சுதான். துப்பட்டாவால் அதை மூடிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் பழைய பெட்ரோல் டிராக்டருக்குப் பொறி கொடுக்கும் காயிலைச் சும்மா வாங்கி மாட்டிவிட முடியாது. டிராக்டர் பெண் பார்க்க வேண்டும். அதுதான் கிளம்பாமல் நிற்கிறதே, அதனால் பெண்ணை நாங்கள் கொண்டுபோய்க் காட்டுவோம். உதிரிபாகக் கடையில் எனக்கு அந்த வேலை. தட்டில் வைத்துக் காட்டி, கேட்பதற்குக் காயில் சார்பில் பதில் சொல்ல வேண்டும். நான் பௌதிகத்தில் எம்.எஸ்சி.

குழந்தைவேலு அண்ணனின் டிராக்டர் ஏற்கெனவே நாலு காயிலை வேண்டாமென்றிருந்தது. ஒன்று குட்டை, ஒன்று கறுப்பு. மற்ற இரண்டுக்கும் காரணம் சொல்லவில்லை. விதைக்கடலை உடைத்தாயிற்று. மண்ணில் ஈரம் இன்றைக்கு மட்டும்தான் தாங்கும். இன்று உழாவிட்டால் இந்த வருஷம் கடலை இல்லை.

அண்ணன் வீட்டு வாசலில் தரகர் மயில்சாமி என்னை ஓரமாக அழைத்தார்.

“அம்மிணி, ஆறுன்னே சொல்லிப்போடு. உன்ர எம்.எஸ்சி.ய நான் பி.ஏ.ன்னு சொல்லி வெக்கலியா?”

“அந்த எடமும் அமையலீங்களே.”

“நீ நெசத்தச் சொன்னா எப்பிடி அமையும்?”

டிராக்டர் கூடத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தது. முகப்பில் விபூதி. தட்டை முன்னால் வைத்தேன். அதன் முன்விளக்கு காயிலை மேலும் கீழும் பார்த்து ஒருமுறை சிமிட்டியது. பிடித்துவிட்டது.

“எத்தனை வோல்ட்டுன்னு கேக்குதுங்க” என்றார் குழந்தைவேலு அண்ணன். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

நான் தரையைப் பார்த்தபடி, “பன்னெண்டுங்க. ஆறு வோல்ட் பேட்டரியில இவளுக்குப் பாதிப் பொறிதான் வரும்” என்றேன்.

விளக்கு அணைந்தது. தரகர் தலையில் அடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் கொறைச்சுக்க முடியாதுங்களா?” என்று கேட்டார் அண்ணன்.

“முடியாதுங்க.”

அவர் விதைக்கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காயில் தட்டிலிருந்து இறங்கியது. வாசலில் கிடந்த கலப்பையைப் பூட்டிக்கொண்டு கடலைக் காட்டுக்கு உழப் போனது. அண்ணன் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். மதியத்துக்குள் நாலு ஏக்கரும் உழுதாயிற்று.

டிராக்டர் எழுந்து, காலித் தட்டை எடுத்துக்கொண்டு, நிலைப்படியில் குனிந்து சமையலறைக்குள் போய், எல்லோருக்கும் காபி கலந்தது.