கல்லறைக்கு மேல் கூழைக்கடா

சீதனச் செலவு மிச்சம் என்று ஓர்சோலாவையும் மற்ற இரண்டு தங்கைகளையும் சிறுவயதிலேயே நேப்பிள்ஸ் கன்னியர் மடத்தில் அடைத்தவர் அவர்களுடைய அண்ணன் அஸ்கானியோ பிரபு. இப்போது அந்த மடத்துக் கோயிலிலேயே தன் கல்லறையைக் கட்டி, மேலே பளிங்கில் ஒரு கூழைக்கடாவைச் செதுக்க வைத்திருந்தார். தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ரத்தம் ஊட்டும் பறவை, இயேசுவின் தியாகத்துக்கு அடையாளம். அதன் தலையில் பிரபுவின் குடும்பக் கிரீடம் வேறு.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

கன்னியரை வெளியாரிடமிருந்து பிரிக்கும் கம்பித் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஓர்சோலா சொன்னாள்: "நீங்க யாருக்குண்ணா ரத்தம் குடுத்தீங்க? மூணு தங்கச்சிங்க ரத்தத்தையும் உறிஞ்சினவருக்கு அட்டையைச் செதுக்கச் சொல்லியிருக்கலாமே!"

பக்கத்தில் நின்ற ஆயர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். பிரபு முகம் கறுத்து வெளியேறினார்.

மடத்துத் தாயார் ஓர்சோலாவுக்கு ஒரு வாரம் வெறும் ரொட்டி என்று தண்டனை போட்டார். அவள் அதை ருசித்துத் தின்றாள்.