அல்கேட வீதியில் கேட்ட சொல்

தம்பி விழுந்து இறந்த இடத்தைப் பார்ப்பதற்காகக் கனகசபை ஓல்போர்க்குக்குப் போனது எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதத்தில். சண்முகலிங்கம் இறந்தபோது அவர் பேர்லினில் அகதி முகாமில் இருந்தார். எப்படியோ டென்மார்க்குக்கு வந்து, சில்க்போர்க்கில் ஓர் அறை கிடைத்தபோது செத்தவீடு முடிந்து வெகு நாளாகிவிட்டிருந்தது. முப்பத்திரண்டு வயதில் மாரடைப்பு என்றார்கள். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஸ்டேசனுக்கு அல்பேட் வந்திருந்தான். மன்னார்ப் பொடியன், சண்முகலிங்கத்தோடு ஒரே அறையில் இருந்தவன்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவமே அண்ணை?"

"முதல்ல இடத்தைக் காட்டு."

அல்கேட, பழைய நகரத்தின் நடுவால் போகும் பெரிய கடைவீதி. வாகனம் விடுவதில்லை. சனிக்கிழமை என்பதால் மத்தியானத்தோடு கடைகள் பூட்டிவிடும், சனம் அவசரப்பட்டுக்கொண்டிருந்தது. தேவாலயக் கோபுரத்திலிருந்து மணிகள் ஏதோ பாட்டை வாசித்தன. சில வீடுகள் முந்நூறு வருசத்துக்கும் பழையவை என்று அல்பேட் சொன்னான். கனகசபை தலையாட்டினாரே தவிர நிமிர்ந்து பார்க்கவில்லை. கல்லுப் பதித்த தரையையே பார்த்து நடந்தார்.

கம்பளி நூல் விற்கும் ஒரு கடைக்கு முன்னால் அல்பேட் நின்றான்.

"இதிலதான் அண்ணை. பாசை வகுப்பு முடிஞ்சு தனிய வந்துகொண்டிருந்தவர்."

அங்கே எதுவும் இல்லை. இருக்காது என்று தெரிந்தும், ஏதோ ஒன்று இருக்கும் என்ற எண்ணத்தில்தான் வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கே விளங்கியது. பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு ஒரு பெண் அந்த இடத்தின் மேலால் போனாள். சுற்றிப் போகச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. என்ன சொல்லிச் சொல்வது? அவர் போய் அந்த இடத்தில் தானே நின்றுகொண்டார். சனம் அவரைச் சுற்றிப் போகத் தொடங்கியது.

கடைக்கதவு திறந்தது. வயதான ஒரு டெனிஸ் பெண் வெளியே வந்து அல்பேட்டைப் பார்த்தாள், பிறகு கனகசபையைப் பார்த்தாள். முகச்சாயலிலேயே அவர் யாரென்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"இவதான் இங்கர்," என்றான் அல்பேட். "விழுந்தவுடன ஓடி வந்தவ இவதான் அண்ணை. அப்ப எனக்குப் பாசை தெரியாது, கதைக்கேலாமப் போச்சு."

இங்கர் மெதுவாகச் சொல்லச் சொல்ல அவன் தமிழில் சொன்னான். அவள் தன் மேல்கோட்டைக் கழற்றித் தம்பியின் தலைக்குக் கீழே வைத்திருக்கிறாள். அம்புலன்ஸ் வரும்வரை ஈரத் தரையில் முழங்காலில் இருந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் அவளைப் பார்த்தபடி ஒரே பேரைத் திரும்பத் திரும்பச் சொன்னானாம். அந்தப் பேருக்குரியவளைத் தேடி அகதிகளுக்கு உதவும் ஆட்களிடமும் கேட்டிருக்கிறாள்; அவர்களுக்கும் தெரியவில்லை.

"கடைசி நேரத்தில உன்னைத்தான் கூப்பிட்டவர் எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேணுமாம்," என்றான் அல்பேட்.

"என்ன பேர்?"

அவன் கேட்க முன்னமே இங்கர் சொன்னாள். "தன்னி."

அல்பேட் கனகசபையைத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லாதை," என்றார் தமிழில். "ஆரோ ஒரு பெட்டை எண்டு இருக்கட்டும்."

"ஓம் அண்ணை."

ஆனால் அவள் விடவில்லை. யார் அது, மனைவியா, எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். இல்லாத ஒருத்தியை இந்தக் கிழவி இன்னும் எத்தனை காலம் தேடப் போகிறாள் என்று கனகசபை நினைத்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவளிடம் பொய் சொல்ல அவருக்கு நா எழவில்லை. பாசை வகுப்பில் முதற் கிழமையே படித்த டெனிஸ் சொல் அது. தானே சொன்னார்.

"வான்."

அவளுக்குப் பிடிபடவில்லை. கையால் குடிப்பதுபோல் காட்டி, "தண்ணி. வான்," என்றார் மறுபடியும்.

அவள் முகம் வெளிறிப்போனது. திரும்பித் தன் கடைக்குள் பார்த்தாள். "குழாய் உள்ளுக்கையே இருந்ததாம்," என்றான் அல்பேட் தாழ்ந்த குரலில். அவள் அதையே இரண்டு மூன்று தரம் சொன்னாள்.

"நீங்கள் இல்லாட்டி அவன் தனியச் செத்திருப்பான் எண்டு சொல்லு. வடிவாச் சொல்லு," என்றார் கனகசபை.

அல்பேட் சொன்னான். அவள் கேட்டாளோ தெரியாது. கனகசபை அவளுடைய கையைப் பிடித்தார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கையை அவர் பிடித்தது அதுதான் முதல் தடவை. முதலில் அது அசையாமல் கிடந்தது; பிறகு இறுகப் பற்றிக்கொண்டது. கடைக்குள் போக வந்த இரண்டு பெண்கள் ஒன்றும் கேட்காமல் விலகி நின்றார்கள். அவர்களைக் கண்டதும் இங்கர் கையை விடுவித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். திரும்பவும் வரச் சொன்னாள். அவர் "ஓம்" என்றார். அது அவளுக்கு விளங்கியிருக்கும்.

ஸ்டேசனுக்குத் திரும்பி வந்து வாங்கில் உட்கார்ந்த பிறகு அல்பேட் கேட்டான்.

"அம்மாவுக்கு எழுதுவியளோ அண்ணை?"

"ஒரு மனிசி கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தவ எண்டு எழுதுவன்."

"மற்றது?"

"அதை எழுதமாட்டன்."

சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். தம்பி இறந்த செய்தி வந்த நாளிலிருந்து வராத அழுகை அந்தச் சனத்துக்கு நடுவில் வந்தது. அல்பேட் பக்கத்திலேயே இருந்தான். வந்த ரயிலைப் போகவிட்டு, அடுத்த ரயிலில்தான் கனகசபை ஏறினார்.