பல்லில் ஒட்டிய மாவு

"காலைல என்ன சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டது என்னைத்தான். பதில் சொன்னது அண்ணி. சொன்னதோடு நிற்காமல் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, கைப்பையைத் திறந்து, ஃபிளாஸ்கை எடுத்து டாக்டரின் மேஜைமேல் வைத்தும்விட்டார். இன்று வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டியிருந்ததால் நான் குடிக்காமல் விட்ட பங்கு அதில் இருந்தது. பள்ளிக்கூடக் கண்காட்சியில் தான் செய்ததை விளக்கும் பிள்ளையைப் போல அண்ணி ஒவ்வொன்றாகச் சொன்னார். பெரிய கட்டுப் பாலக் கீரை, பச்சையாக. வேகவைத்தால் சத்து போய்விடும். பீட்ரூட் இலை நாலு. இரவே ஊறப்போட்ட பாதாம் ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் மிக்சியில் அடித்தபின் நுரைத்துக் கரைகிற வைட்டமின் சி மாத்திரை இரண்டு. அது இருந்தால்தான் கீரையிலுள்ள இரும்பு உடம்பில் ஒட்டுமாம்.

"பால், தயிர் எல்லாம் சுத்தமா நிறுத்திட்டேன் டாக்டர். கால்சியம்தானே கல்லாகுதுன்னு சொல்றாங்க? தானம் குடுக்கப் போற கிட்னி. ஒரு தூசு தும்பு இருக்கக் கூடாதுல்ல."

சொல்லிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். இந்த உபசாரமெல்லாம் என் வாழ்நாளில் யார் எனக்குச் செய்திருக்கிறார்கள்? டாக்டர் என் வயதுக்காரர், சிரித்த முகம். அவருடைய மூக்குக்கண்ணாடி வலது பக்கம் சற்றே தாழ்ந்திருப்பதை நான் முதல் நாளே பார்த்துவிட்டேன், கண்ணாடியைக் கழற்றி வாங்கி நிமிர்த்திக் கொடுக்கக் கை துறுதுறுத்தது. இப்போது அந்த முகத்தில் ஈயாடவில்லை.

"எவ்வளவு நாளா?" என்றார்.

"ரெண்டரை மாசம் இருக்கும். ஒரு நாள் கூட விட்டதில்ல."

டாக்டர் ஃபிளாஸ்கைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இயந்திரத்தோடு கட்டுண்டு படுத்திருக்கிறான். என்னுடையது ஒன்றைக் கொடுக்கலாம் என்று முடிவானபோது என்னைத் துளைத்தெடுத்துச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் தேறினேன். "ரெண்டும் முத்து மாதிரி இருக்கு" என்று இதே டாக்டர்தான் சொன்னார். தேதி குறித்தபின் அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வர, எல்லாம் தள்ளிப்போயிற்று. அந்த இடைவெளியில்தான் அண்ணி என் அறைக்கு வந்து, "கடைக்கு மேல இருந்துகிட்டு கண்டதைத் தின்னது போதும், பெட்டியக் கட்டு, நம்ம வீட்டுக்கு வா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசியே பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்தச் சண்டைக்குக் காரணம் என் தொழில்தான். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்து ஃபிரேமில் பூட்டுகிறவள். அண்ணன் என்னைக் கூப்பிடுவதே கண்ணாடிக்காரி என்றுதான். கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணிக்கு ஆசையாக ஒரு வட்ட ஃபிரேம் போட்டுக் கொடுத்தேன். வட்டத்தில் இது ஒரு தொல்லை, திருகாணி கொஞ்சம் தளர்ந்தாலும் லென்ஸ் உள்ளேயே திரும்பிப் பவரின் கோணம் மாறிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அண்ணிக்கு ஒரு மாதம் தலைவலியும் வாந்தியும். கர்ப்பம் என்று வீடே சந்தோஷப்பட்டு, பிறகு இல்லையென்று ஆனது. என்னாலென்று தெரிந்ததும், "நான் வேணும்னு செய்யல அண்ணி" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு வேறு கடையில்தான் கண்ணாடி வாங்கினார், என்னோடு பேச வேண்டியதை அண்ணன் மூலமாகப் பேசினார்.

அப்படிப்பட்டவர் தினமும் காலையில் பச்சைச் சாறு நிரம்பிய குவளையோடு என் கட்டிலருகே வந்து நின்றால் எப்படி இருக்கும்? நான் குடித்து முடிக்கும்வரை நகர மாட்டார். கடைசி மண்டியைக்கூட விரலால் வழித்துக் கொடுப்பார். குடித்த பிறகு பல்லெல்லாம் மாவு பூசியது போல நறநறக்கும். "என்ன அண்ணி, பல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சு விட்டுட்டீங்க" என்பேன். "சத்து அப்படித்தான் ஒட்டும்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே நான் குடித்தேன். போன மாதக் கடைசியில் கால் வீங்கியதும், சோற்றைக் கண்டாலே குமட்டியதும் அலைச்சலால் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணி கீரையைக் கூட்டினார்.

பிறகு ரத்தப் பரிசோதனையில் ஏதோ இடித்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி இடித்தது. போன வாரம் முதுகில் ஊசி போட்டுச் சிறுநீரகத்தில் ஒரு நூலளவு சதை எடுத்தார்கள். அதன் முடிவைச் சொல்லத்தான் இன்று கூப்பிட்டிருந்தார்கள்.

டாக்டர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இளஞ்சிவப்பாக, வட்டவட்டமாக, துணியில் அச்சுப் போட்டது போல ஒரு படம். "இது உங்க சதைதான். இப்ப இதையே வேற வெளிச்சத்துல பாருங்க" என்று ஒரு பொத்தானை அழுத்தினார். திரை கறுத்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வெயில் கண்ணாடி வாங்க வருகிறவர்களுக்கு நான் காட்டும் வித்தை அது. போலரைஸ்டு லென்ஸ் ஒன்றின்மேல் இன்னொன்றை வைத்துத் திருப்பினால் கும்மிருட்டாகிவிடும். இரண்டுக்கும் நடுவே வைத்தால் அந்த இருட்டிலும் ஒரு சில பொருட்கள் மட்டும் மின்னும், படிகம் போன்றவை. நான் ஒட்டுநாடாத் துண்டை வைத்துக் காட்டுவேன், குழந்தைகள் கை தட்டும். இங்கே அந்தக் கறுப்பில் விசிறி விசிறியாக, சில்லுச் சில்லாக, வெள்ளையும் நீலமுமாக எங்கு பார்த்தாலும் மின்னியது. உடைந்த கண்ணாடியை வாரி இறைத்தது போல இருந்தது. என் தொழிலில் இதைவிட அழகாக ஒன்றை நான் பார்த்ததில்லை. அப்புறம்தான் அது என் உடம்புக்குள் இருக்கிறது என்பது மண்டையில் ஏறியது.

"கால்சியம் ஆக்சலேட்" என்றார் டாக்டர். "கீரையில ஆக்சலேட்னு ஒரு உப்பு நிறைய உண்டு. பீட்ரூட் இலையிலயும் பாதாம்லயும் உண்டு. அளவுக்கு மீறின வைட்டமின் சி, கொஞ்சம் அதுவாவே மாறும். எல்லாரும்தான் சாப்பிடுறோம், ஒண்ணும் ஆகாது. ஏன்னா கூடவே பாலோ தயிரோ இருந்தா அதுல இருக்கிற கால்சியம் இதை வயித்துலயே பிடிச்சுக்கும். ரெண்டும் சேர்ந்து வெளிய போயிடும். வேகவெச்சுத் தண்ணிய வடிச்சாலும் பாதி போயிடும். நீங்க..." அவர் அண்ணியைப் பார்த்து, பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "வயித்துல பிடிக்க ஆளில்லாம அது ரத்தத்துக்குப் போயிருக்கு. கிட்னிக்கு வந்து அங்க இருக்கிற கால்சியத்தோட சேர்ந்து உறைஞ்சிருக்கு."

"பல்லு நறநறங்கும் டாக்டர்" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"ஆமா. அதுவேதான்."

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, பால் குடுத்திருந்தா?"

டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஆபரேஷன் எப்போ டாக்டர்?" என்று அண்ணி மறுபடி கேட்டார். இவ்வளவையும் கேட்ட பிறகு அதைக் கேட்டார். எனக்கு அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது.

"இப்ப இவங்களோடத காப்பாத்தணும்மா. கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வரலாம். பாதிதான் வரும்னும் ஆகலாம். ஆனா இவங்க இனி யாருக்கும் குடுக்க முடியாது."

கீழ்த்தளத்துக்குப் படியிறங்கினோம். லிஃப்டுக்குக் காத்து நிற்கும் பொறுமை இருவருக்கும் இல்லை. வளைவில் அண்ணி நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"நான் வேணும்னு செய்யல" என்றார். "நம்புறியா?"

நம்புகிறேன் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். தாலி கட்டிய புருஷனின் உயிரை யாராவது வேண்டுமென்றே இப்படிக் கெடுப்பார்களா? புத்திக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்தப் பழைய வட்ட ஃபிரேம் கண்முன் வந்து நின்றது. அந்த நினைப்பே எனக்கு அருவருப்பாக இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். என் முகம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

அண்ணி மேஜையிலிருந்து திரும்ப எடுத்துவந்திருந்த ஃபிளாஸ்கைத் திறந்தார். கொட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அண்ணாந்து மடக் மடக்கென்று குடிக்க ஆரம்பித்தார். பச்சைச் சாறு வாயோரம் வழிந்து கழுத்தில் இறங்கியது. மூச்சு முட்டியும் நிறுத்தவில்லை.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

"எனக்கும் ஆகட்டும்" என்றார், வாய் நிறைய.

நான் பாய்ந்து ஃபிளாஸ்கைப் பிடித்தேன். அவர் விடவில்லை. இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஒரு ஃபிளாஸ்குக்காக மல்லுக்கட்டினோம். சாறு என் கைமேலும் மேலுதட்டிலும் தெறித்தது.

"உங்களுக்கும் போச்சுன்னா அவனைப் பாக்க யாரு இருக்கா?" என்று கத்தினேன். "யாரு இருக்கா சொல்லுங்க!"

அவர் பிடி தளர்ந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மிச்சத்தை மூலையிலிருந்த கைகழுவும் தொட்டியில் கவிழ்த்தேன். தண்ணீரைத் திறந்துவிட்டும் வெள்ளைப் பீங்கானில் பச்சை வட்டம் ஒன்று போகாமல் நின்றது. ஒரு வாய் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று அவருக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் அழுதுவிடுவார் என்று தோன்றியது. நானும்தான். கையை நீட்டினேன், பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நம்புறேன்" என்றேன், கீழ்ப்படியில் வைத்து. அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை.

டயாலிசிஸ் அறைக்கு முன்னால் பெரிய கண்ணாடிக் கதவு. மூன்றாவது கட்டிலில் அண்ணன் இருந்தான். இடது கை குழாய்களால் இயந்திரத்தோடு இணைந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் வலது கையால் காற்றில் காலண்டர் போலக் கட்டங்கள் போட்டு, அதில் ஒன்றை விரலால் குத்திக் காட்டிப் புருவத்தை உயர்த்தினான். தேதி குறித்தாயிற்றா என்று கேட்கிறான். என் நாக்கு தானாகப் பல்லைத் தடவியது. இன்று நறநறப்பு இல்லை.

பிறகு அவன் எங்கள் முகங்களை உற்றுப் பார்த்தான். என்னை ஒரு முறை, அண்ணியை ஒரு முறை. அவன் முகம் மலர்ந்தது. பன்னிரண்டு வருடம் பேசாமலிருந்த இரண்டு பேரும் ஒரே சாற்றைப் பகிர்ந்து குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான் போலும். உடம்பு குலுங்கச் சிரித்தான், நர்ஸ் வந்து அவன் தோளை அழுத்திப் படுக்கவைக்கும் அளவுக்கு. அப்படியும் விடாமல், வலது கை ஆட்காட்டி விரலைத் தன் மேலுதட்டில் வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்துக் காட்டினான்: பச்சையாக இருக்கிறது, துடையுங்கள்.