உள்பக்கக் கைப்பிடி

அந்த வணிக வளாகத்தின் மேனேஜருக்குப் ‘பூட்டு’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கடைக்காரர்கள் வைத்தது. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறையும் இழுப்பார்.

அப்படிப்பட்டவரிடம் போய் குப்பைத் தொட்டிகளுக்கு வேலி போடச் சொன்னால் சும்மா விடுவாரா? வளாகத்தின் பின்னால், கார் நிறுத்துகிற இடத்தை ஒட்டி, சக்கரம் வைத்த நாலு பெரிய தொட்டிகள் நின்றன. நாய் கிளறும், காக்கை கொத்தும், ஊரில் உள்ளவனெல்லாம் தன் வீட்டுப் பழைய மெத்தையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவான். “பாக்க அழகா இருக்கணும், எவனும் உள்ள நுழையவும் கூடாது” என்று சொல்லிவிட்டார் முதலாளி.

வேலிக்காரர் மூன்று மாதிரிகளைக் கொண்டுவந்து மேஜைமேல் பரப்பினார்.

“கம்பி வலை போட்டா காத்து போகும், ஆனா குப்பை கண்ணுல படும். மரம் அழகுதான், ரெண்டு மழைக்கு உப்பிடும். இது அலுமினியம் சார், பாக்க மரம் மாதிரியே இருக்கும். பலகைக்குப் பலகை ஒரு விரல் இடம் விட்டு அடிக்கலாம்.”

“ஒரு விரல் இடம் விட்டா நாளைக்கு ஒரு கை வரும். இடமே விடாதீங்க” என்றார் பூட்டு.

அதோடு நிறுத்தினாரா? எட்டடி உயரம் கேட்டார். மேலே வலை கேட்டார். கதவு ஸ்பிரிங்கில் தானே மூடித் தானே பூட்டிக்கொள்ள வேண்டும் என்றார். காற்றில் தடதடக்காமல் இருக்கப் பலகைகளுக்கு நடுவே ரப்பர் வைக்கச் சொன்னார். கடைக்காரர்கள் பையைப் போடுவதற்குத் தபால் பெட்டி மாதிரி ஒரு வாய், அதற்கு வெளியிலிருந்து மட்டும் திறக்கிற மூடி. அதில் போனது திரும்பி வராது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட வேலிக்காரர் பென்சிலைக் காதில் செருகினார்.

“கதவுக்கு உள்பக்கம் ஒரு கைப்பிடி வச்சிடறேன் சார்.”

“வெளிய இருந்து கம்பியை விட்டு அதைத்தான் இழுப்பான். வேண்டாம். உள்ள இருக்கிற குப்பைக்கு எதுக்குய்யா கைப்பிடி? எந்திரிச்சு வெளிய வரப்போகுதா?”

வேலிக்காரரும் சிரித்தார். வேலை கொடுக்கிறவன் சொல்கிற நகைச்சுவைக்குச் சிரிக்காதவர் யார்?

வேலி எழும்பியபோது, சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. அதன் முன்னால் நின்று ஒரு ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டது. அழகைக் கெடுத்தது ஒன்றே ஒன்று. பெருக்குகிற அம்மா உள்ளே போகும்போதெல்லாம் கதவு மூடாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்டு அதை எடுத்துச் சுவரோரம் வீசிவிட்டார். அன்று எல்லாம் அழகாக இருக்க வேண்டும். நாலு மணிக்கு அவர் மகள் வருகிறாள்.

பதினொரு வருடம் ஆகிறது அவளைப் பார்த்து. தன் விருப்பப்படி கல்யாணம் பண்ணிக்கொண்டு வாசலில் வந்து நின்றவளுக்கு முன்னால் இவர் வீட்டுக் கேட்டைப் பூட்டினார். மத்தியானம் முழுக்க அவள் தட்டினாள். இவர் உள்ளே உட்கார்ந்து ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார். அன்றைக்குப் போனவள்தான். இப்போது புருஷன் குழந்தையோடு தூர தேசத்துக்கு, திரும்பி வருகிற யோசனை இல்லாமல், கிளம்புகிறாள். ஐந்தரைக்கு ரயில். “அந்தக் கேட்டு முன்னாடி இன்னொரு தடவை நிக்க மாட்டேம்மா. அப்பா வேலை பாக்கற இடத்துக்கு வர்றேன். பத்து நிமிஷம்” என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

இரண்டு ராத்திரி அவருக்குத் தூக்கமில்லை. “மன்னிச்சுடும்மா” என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு போயிற்று.

மூன்றே முக்காலுக்குக் காற்று திரும்பி நாற்றம் வந்தது. பெருக்குகிற அம்மா தொட்டி மூடியைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மகள் வருகிற நேரத்தில் இதுவா? கோட்டில் அழுக்குப் படக்கூடாதென்று கழற்றி வேலிக்கு வெளியே இருந்த கொக்கியில் மாட்டினார். கதவைத் திறந்தார், சாவிக்கொத்தைக் கோட்டுப் பையிலேயே போட்டார், உள்ளே போய் மூடியைச் சாத்தினார். பின்னால் கதவும் சாத்திக்கொண்டது. மெதுவாக, ஒரு ‘க்ளக்’.

கதவைத் தள்ளினார், தோளால் இடித்தார். பிடித்து இழுக்க எதுவும் இல்லை. வழவழவென்று மரம் மாதிரி அலுமினியம். கத்தினார். அடுத்த சுவரில் மளிகைக் கடையின் குளிர் இயந்திரம் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. தட்டினார். ரப்பர் அந்தத் தட்டலை விழுங்கியது. தொட்டிமேல் ஏறி வலையைப் பிடித்து உலுக்கினார். அதுவும் அவர் கேட்ட வலைதான், அசையவில்லை. பெருக்குகிற அம்மா இனி நாளைக் காலை ஆறு மணிக்குத்தான் வருவாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, இவர் முதலாளி காசில் வைத்துக்கொண்டார்.

கீல் பக்கம் மட்டும் ஒரு நூல் இடைவெளி. கண்ணை அதில் வைத்தார். தன் கோட்டும் அலுவலகப் படிக்கட்டும் கொஞ்சம் தரையும் தெரிந்தன.

நாலு மணிக்கு அந்தக் கொஞ்சத்துக்குள் மகள் வந்து நின்றாள்.

உடம்பு போட்டிருந்தாள். தலையில் இரண்டு நரை. என் பிள்ளைக்கு நரையா! “பாப்பா! பாப்பா!” என்று அலறினார். ஐந்தடி தூரம். அவள் அலுவலகக் கதவைப் பார்த்தாள், சுற்றிப் பார்த்தாள், போனை எடுத்தாள். கொக்கியில் தொங்கிய கோட்டுக்குள் மணி அடித்தது. அவள் அருகில் வந்து கோட்டைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை அவர் கண்ணால் கண்டார். கோட்டையும் போனையும் விட்டுவிட்டு ஒளிந்துகொண்டார் என்று நினைக்கிறாள். வேறென்ன நினைப்பாள்? இவரைத் தெரிந்தவள் அல்லவா!

இரண்டு கையாலும் அறைந்தார். செருப்பைக் கழற்றி அடித்தார். கடைசியில் தலையால் முட்டினார். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். கால் மணி நேரம் கழித்து எழுந்தாள். பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவரைப் போலவே அவளுக்கும் கோபம் மூக்குமேல். விறுவிறுவென்று வேலியின் வாயை நோக்கி நடந்தாள்.

அவர் தொட்டியை ஒதுக்கிவிட்டு அந்த வாய்க்கு ஓடினார். வாயின் மூடி திறந்தது, வெளிச்சம் வந்தது, பொட்டலம் அவர் தோளில் பட்டுத் தொட்டிக்குள் விழுந்தது.

“பாப்பா!”

மூடி படாரென்று விழுந்தது. பிறகு ஒரு விரல் அளவு திறந்தது.

“அப்பா? உள்ளயா இருக்கீங்க?”

“ஆமாம்மா.”

“யாரு பூட்டினது?”

ஸ்பிரிங் என்று சொல்லலாம், வேலிக்காரர் என்றும் சொல்லலாம். “நான்தான்” என்றார்.

மூடியைப் பிடித்திருந்த நாலு விரல்கள் மட்டும் அவருக்குத் தெரிந்தன. சின்ன வயதில் போலவே நகத்தைக் கடித்து வைத்திருந்தாள்.

“எவ்வளவு நேரமா தட்டறீங்க?”

“நீ வர்றதுக்கு முன்னாடியிலிருந்து.”

“எனக்குக் கேக்கவே இல்லையே.”

“கேக்காதும்மா. சத்தம் வரக்கூடாதுன்னு நான்தான் ரப்பர் வைக்கச் சொன்னேன்.”



“அன்னைக்கு நான் தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சா?”

அம்மா அவளிடம் பதினொரு வருடமாக ஒன்றைச் சொல்லி வந்திருக்கிறாள், ரேடியோ சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்கவில்லை என்று. அது அவருக்கும் தெரியும். இப்போது அதையே சொன்னால் கதவு திறக்கும்.

“கேட்டுச்சு” என்றார். “எல்லாம் கேட்டுச்சும்மா.”

விரல்கள் போய்விட்டன. மூடி விழுந்தது. இருட்டில் அவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குழந்தையாக அழுதார். கேட்க யாரும் இல்லை என்ற தைரியத்தில் வாய்விட்டே அழுதார்.

பூட்டு திரும்புகிற சத்தம் முதலில் அவருக்குப் புரியவில்லை. கதவு திறந்தது. மகள் கோட்டுப் பையில் எடுத்த சாவிக்கொத்தோடு நின்றாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. மூடப் பார்த்த கதவை முதுகால் தாங்கிக்கொண்டாள். அவர் தொட்டிக்குள் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்தார். காகிதம் கிழிந்து ஒரு சட்டை எட்டிப் பார்த்தது, மார்பு முழுக்க அழுகிய தக்காளிச் சாறு.

“கறை போகாது” என்றாள்.

“போகாட்டி போகட்டும்மா.”

வெளியே வந்து நின்றார். மனப்பாடம் பண்ணியது ஒன்றும் வாயில் வரவில்லை. அவள் இன்னும் கதவைத் தாங்கிக்கொண்டே நின்றாள்.

“இதை விட்டா மூடிக்குமா?”

“மூடிக்கும்.”

“அப்ப ஒரு கல்லு வைங்க.”

சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஓடினார். ரயிலுக்குக் கிளம்ப அவளுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. முதல் நிமிஷம் செங்கல் தேடுவதில் போயிற்று.