ராணித்தலைக் காலணா

சைதாப்பேட்டை ரயில் பாலத்துக்கடியில் கிடைத்த செப்புக்காசு ஒன்றைச் சுப்புராயன் துலக்கி முடித்த அன்று, மாடிவீட்டு ஜவஹருக்கு எண்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ வேண்டிக்கொண்ட குமாஸ்தா வேலை கிடைத்தது. நியமனக் கடிதம் தபாலில் வந்தது. பாரிமுனைப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ஸி, காலை பத்து மணிக்கு ஆஜராக வேண்டும், பேனா சொந்தமாகக் கொண்டுவர வேண்டும் என்று டைப் அடித்திருந்தது. அந்த ஏஜென்ஸி இருந்த கட்டடத்தை இடித்தே நாற்பது வருஷமாகிறது. ஜவஹர் மறுநாள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் போனான். சாயங்காலம் விரல் நுனியெல்லாம் நீல மையோடு திரும்பி வந்தான். இன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறான். மேனேஜர் கொஞ்சம் முன்கோபி, மற்றபடி ஒரு குறையும் இல்லை என்கிறான்.

சுப்புராயன் ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் தண்டவாளம் பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவே அடையாற்றைத் தாண்டும்போது ஜன்னலோரத்து ஜனங்கள் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் தண்ணீரில் காசு விட்டெறிவதை அவர் தினமும் பார்த்திருக்கிறார். சர்க்கரை ஏறிவிட்டது, காலையில் ஒரு மணி நேரம் நடங்கள் என்று டாக்டர் சொன்னபோது, வேலை இல்லாமல் எதற்கு நடப்பது என்று வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். தி. நகர் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிற மகள் கயல்தான் யோசித்து, ஆன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிக் கொடுத்தாள். ஆற்றோரத்துக் குடிசைகளையெல்லாம் எடுத்து ஜனங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றிவிட்டிருந்ததால் கரை வெறிச்சென்று கிடந்தது. கோடையில் தண்ணீர் சுருங்கியதும் அவர் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு சேற்றோரமாக நடந்தார். அது கூவின இடத்தில் கரண்டியால் தோண்டினார். ஆணியும் சோடா மூடியும்தான் அதிகம். இரும்புக் காசுகளை அங்கேயே விட்டுவிடுவார். பச்சைக் களிம்பு ஏறி வடை மாதிரி உப்பிக் கிடக்கிற செப்புக்காசுகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

துலக்குவதில் அவருக்கு அபாரப் பொறுமை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் இரண்டு நாள், பிறகு ஊறுகாய் பாட்டிலில் எண்ணெய் விட்டு அதற்குள் வாரக்கணக்கில் ஊறல். ஊறினதை வெயிலில் வைத்துக்கொண்டு, ஆற்றங்கரைக் கருவேல முள்ளால் களிம்பை ஒவ்வொரு பொருக்காக எடுப்பார். புளி போட்டு ஒரே தேய்ப்பில் பளபளவென்று ஆக்கித் தரட்டுமா என்று அவர் மனைவி தேவானை கேட்டதற்கு, புளி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும், அப்புறம் அது வெறும் தகடு என்றார்.

காசுகளின் குணத்தை முதலில் கண்டுபிடித்தவள் தேவானைதான். நந்தனத்தில் ஒரு மழலையர் பள்ளியில் இருபது வருஷம் ஆயாவாக இருந்தவள், எந்தப் பிள்ளை எப்போது அழும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிற கண் அவளுக்கு. ஜவஹரின் காசை எண்ணெயில் போட்ட அன்றுதான் அவன் அதுவரை பார்த்துவந்த டெலிவரி வேலை போயிற்று என்பதை அவள் மனத்தில் குறித்து வைத்துக்கொண்டாள். அடுத்த காசு எண்ணெயில் இறங்கிய அன்று, பின்கட்டில் ரவிக்கை தைக்கிற இஃப்ராவுக்கு முகத்திலும் முதுகிலும் கொப்புளம் கொப்புளமாகப் பெரியம்மை போட்டது. இதைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன், இது உலகத்திலேயே கிடையாதே என்று இளம் டாக்டர் இரண்டடி தள்ளி நின்று சொன்னார். பத்தொன்பதாம் நாள் சுப்புராயன் அந்தக் காசைத் துலக்கித் துடைத்து வைத்தார். அன்று மாலை இஃப்ராவின் கொப்புளங்கள் ஒரு தழும்பில்லாமல் உதிர்ந்தன, அவள் எழுந்துபோய் பாதியில் நின்ற ரவிக்கைக்குக் கொக்கி வைத்தாள். தேவானைக்குப் புரிந்துவிட்டது. காசோடு வேண்டுதலும் சேற்றில் புதைந்து கிடக்கிறது. ஊறவைத்தால் வேண்டினவளின் கஷ்டம் முதலில் கிளம்பி வந்து அக்கம்பக்கத்தில் யார் மேலாவது உட்காருகிறது. துலக்கி முடித்தால் வேண்டினது நடக்கிறது.

அது வரைக்கும் நல்லதுதானே என்றார் சுப்புராயன். ஆனால் மூன்றாவது காசு முன்வீட்டு வைதேகி டீச்சருக்கு வந்தது. டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற, அளவாகப் பேசுகிற அந்த அம்மாள், காசு எண்ணெயில் இறங்கினதும் வாய் மூடாமல் பேச ஆரம்பித்தாள். சாப்பிடும்போதும் பேசினாள், தூங்கும்போதும் பேசினாள். தெருவில் போகிற ஒவ்வொருத்தரின் நடையையும் சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் குத்திக்காட்டினாள். மூன்று வாரம் கழித்துக் காசு துலங்கிய நிமிஷத்தில் ஒரு சொல்லின் பாதியில் நின்றது அவள் பேச்சு. திரும்ப வரவே இல்லை. அது எவளோ மருமகள் மாமியாரை நினைத்துப் போட்ட காசாகத்தான் இருக்கும் என்று இஃப்ரா சொன்னாள். அன்றிலிருந்து தேவானைக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. ஆற்றில் காசு போடுகிறவர்கள் எல்லோரும் நல்லதையே கேட்கிறார்கள் என்று யார் சொன்னது?

மிஷினை மூட்டை கட்டிவிடச் சொல்லிச் சண்டை போட்டாள். அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்கு முந்தின நாளே விக்டோரியா ராணி தலை போட்ட காலணா ஒன்று பாட்டிலுக்குள் இறங்கிவிட்டிருந்தது. ஊறப்போட்டதைப் பாதியில் விட்டால் எவர் மேல் வந்த கஷ்டமும் அப்படியே தங்கிவிடும் என்பது அவளுக்கும் தெரியும். "இதான் கடசி. இத்த முடிச்சிட்டு மிஷின பரண் மேல போட்டுர்றேன், போதுமா?" என்றார். இந்தத் தடவை கஷ்டம் அன்றைக்கே கிளம்பவில்லை, யாருக்கு என்ன வருமோ என்று தேவானை இரண்டு நாள் தெருவில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மூன்றாம் நாள், பங்குனி மாதத்து வியாழக்கிழமை, பால் வாங்கத் தூக்கோடு போன சுப்புராயன் திரும்பி வரவில்லை.

முனைக்கடையின் கேமராவில் எல்லாம் தெளிவாகப் பதிவாகியிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிறார், நாய்க்கு ஒதுங்குகிறார், அடுத்த கணம் அவர் இல்லை. தூக்கு மட்டும் அந்தரத்தில் ஒரு நொடி நின்று கீழே விழுகிறது. ஸ்டேஷனில் அதைப் பார்த்த ஏட்டு, புகாரில் அங்க அடையாளங்களை எழுதிக்கொண்டு, கடைசியாகக் காலில் செருப்பு போட்டிருந்தாரா என்று கேட்டார். செருப்பு வீட்டு வாசலிலேயே இருந்தது.

தேவானையின் பயம் இப்போது ஒரே இடத்தில் வந்து நின்றது. ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் அந்தக் காசு கிடந்தது. அதைப் போட்டவள் என்ன கேட்டிருப்பாள்? போன புருஷன் திரும்பி வரவேண்டும் என்று கேட்டிருந்தால் துலக்கினதும் சுப்புராயன் வந்துவிடுவார். போனவன் போனவனாகவே இருக்கட்டும், இனி வாசல்படி ஏறவே கூடாது என்று கேட்டிருந்தால், துலக்கி முடிக்கிற கை அவரை நிரந்தரமாக அனுப்பிவிடும். இரண்டு வேண்டுதலுக்கும் முதல் பாதி ஒன்றுதான். காசின் மேல் ராணியின் தலை இருந்ததே தவிர, போட்டவளின் முகம் இல்லை.

கயல் ஒரு வாரம் கடைக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். "மா, அத்த ஆத்துலயே கொண்டுபோய் போட்ரு. நமக்கு வாணாம்" என்றாள்.

"போட்டா? உங்க நைனா எங்க கீறாரோ அங்கயே நின்னுக்கினு இருப்பாருடீ. வரவும் முடியாது, போவவும் முடியாது."

"அப்ப தேச்சு முடி."

"முடிச்சா ஒரேயடியா பூட்டாருன்னா?"

தேவானை முன்வீட்டுக்குப் போய் வைதேகி டீச்சரிடம் கேட்டாள். அந்த அம்மாள் கேட்டு முடிக்கும்வரை தலையாட்டிவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். என் வாயை மூடச் சொல்லிக் கேட்டவள் மேல் எனக்குக் கோபமில்லை, அந்த மூன்று வாரம் என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன், அவள் வேறு என்ன செய்வாள் என்று எழுதியிருந்தது. ஆறுதலுக்குப் போன தேவானை அந்தத் தாளைக் கையில் மடித்துக்கொண்டு முன்னைவிட அதிகப் பயத்தோடு திரும்பி வந்தாள்.

அவள் பயந்ததற்குக் கயலிடம் கூடச் சொல்லாத ஒரு காரணம் இருந்தது. முப்பது வயதில், சுப்புராயன் குடித்துவிட்டு வந்து கைநீட்டிய காலத்தில், மாம்பலத்திலிருந்து தாம்பரத்துக்கு அக்கா வீட்டுக்குப் போகிற ரயிலில் அவளும் அதே பாலத்தின் மேல் ஒரு ரூபாயைத் தூக்கிப் போட்டிருக்கிறாள். இந்த ஆள் தொலைந்தால் போதும் என்றுதான் கேட்டாள். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. பிறகு அவர் குடியை விட்டார், கயல் பிறந்தாள், அவளுக்கு அது மறந்தும் போயிற்று. இப்போது அந்த ஒரு நிமிஷம், ஈரக் கம்பியைப் பிடித்திருந்த கை, காசு விழுந்த சத்தம்கூடக் கேட்காமல் ரயில் கடந்துபோனது எல்லாம் நேற்றுப் போலத் திரும்ப வந்தது. தான் கேட்டதையே இன்னொருத்தியும் கேட்டிருக்க மாட்டாளா?

இருபத்தைந்து நாள் அப்படியே போயிற்று. ஒரு காலை, அவர் சட்டையை மடித்துக்கொண்டிருந்தபோது, அவர் இல்லாமல் போய்விடுவார் என்கிற பயத்தைவிட, எங்கேயோ அந்தரத்தில் அந்தத் தூக்கு மாதிரி நின்றுகொண்டிருப்பார் என்கிற நினைப்பு அவளுக்குத் தாங்கவில்லை. பாட்டிலைத் திறந்தாள். அவர் செய்வதைப் பார்த்திருக்கிறாளே தவிர அவளுக்குப் பழக்கமில்லை. முதல் நாளே முள் வழுக்கி ராணியின் கழுத்தில் கீறல் விழுந்துவிட்டது. அவருக்கு அங்கே என்ன ஆயிற்றோ என்று அன்று முழுக்க அவள் முள்ளை மறுபடி தொடவில்லை. அப்புறம் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஒரு நாளைக்கு ஒரு பொருக்கு, அதற்கு மேல் இல்லை. சித்திரை போய் வைகாசி வந்தது. முதலில் மூக்கு வந்தது, பிறகு கண், பிறகு பூவேலை செய்த மேலாடையின் விளிம்பு. ஆனி முடிகிறபோது ராணியின் கொண்டைச் சுருள் ஒன்றுக்குள் கடுகளவு பச்சை மட்டும்தான் பாக்கி. அதை அவள் பதினொரு நாள் தொடவில்லை. அது இருக்கிற வரைக்கும் எதுவும் முடிந்துபோகவில்லை. பன்னிரண்டாம் நாள் கயல் வேலைக்குப் போனதும், உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையும் எடுத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அன்றும் நடக்கவில்லை, மறுநாளும் நடக்கவில்லை. ஜவஹரின் கடிதம் அன்றைக்கே வந்தது, இஃப்ராவின் கொப்புளம் அன்றைக்கே உதிர்ந்தது. நான்காம் நாள் தேவானை வாசல் கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஆறாம் நாள் கயலிடம், நான்தான்டீ அனுப்பிட்டேன் என்றாள்.

ஒன்பதாம் நாள் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், கடை வாசலில் ஆட்களை உள்ளே அழைத்துக்கொண்டிருந்த கயல், உஸ்மான் ரோட்டில் ஒருவர் நடந்து போவதைப் பார்த்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. தாடி நெஞ்சுவரை இருந்தது. நைனா என்று கூப்பிட்டாள், அவர் திரும்பவில்லை. ஓடிப்போய் முன்னால் நின்றாள், யாரோ பெண் வழியை மறிக்கிறாள் என்பதுபோல விலகி நடந்தார். பிடித்து நிறுத்தினால் கலைந்துவிடுவாரோ என்று பயந்து, கடைச் சீருடையோடு, செருப்பைக் கூடக் கடையிலேயே விட்டுவிட்டு, பத்தடி பின்னாலேயே நடந்தாள். ஒரு தடவையும் கண்ணை எடுக்கவில்லை. சி.ஐ.டி. நகரில் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். வண்டிகளைப் பார்த்து ஒதுங்கினார், சிக்னலைப் பார்க்கவில்லை. சைதாப்பேட்டைக்குள் நுழைந்ததும் யாரையும் வழி கேட்காமல் சரியான சந்தில் திரும்பி, சரியான வாசலில் நின்றார்.

தேவானை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சல, வந்துட்டேன்" என்றார்.

காசைப் போட்டவள் அஞ்சலை, அவள் கேட்டது புருஷனை வரச்சொல்லித்தான் என்று தேவானைக்கு அந்த நிமிஷத்தில் தெரிந்தது. முறத்தைக் கீழே வைத்தாள். அவள் வாயிலிருந்து "வா" என்பது மட்டும் வந்தது. அவரை உட்காரவைத்து வெந்நீரில் காலைக் கழுவினாள். பாதம் இரண்டும் வெடித்திருந்தன, முழங்கால்வரை அட்டை கடித்த வடுக்கள். யுத்தத்தில் ரங்கூன் துறைமுகத்தில் குண்டு விழுந்தது, மூட்டை தூக்குகிற ஆட்களெல்லாம் காட்டுவழியாக நடந்தது, மலையில் கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து எழுந்திருக்காமல் போனது என்று சாயங்காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் பதினொரு நாள் ஓரிடத்தில் கால் நகரவே மாட்டேன் என்றது, ஏனென்று தெரியவில்லை, அது விட்டபிறகு ஒன்பது நாள் நடை என்றார். அதைக் கேட்டதும் தேவானை எழுந்து அடுக்களைக்குள் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் நாள் விடியற்காலை அவர் கயலைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, லீவா இன்னைக்கு என்று கேட்டார். அதன்பிறகு பென்ஷன், தண்டவாளத்தில் கூட வேலை பார்த்தவர்கள், தேவானை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தது. வந்தது வந்து சேர்ந்ததே தவிர, இருந்தது போகவில்லை. ரங்கூனும் இருந்தது, ரயில்வேயும் இருந்தது. ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய்க் காட்டியதில், ஏட்டு கால் வடுக்களை அடையாளத்தில் சேர்த்துக்கொண்டு புகாரை முடித்து வைத்தார்.

ஆற்றோரத்துப் பழைய ஆட்களிடமெல்லாம் தேவானை விசாரித்துப் பார்த்தாள். அஞ்சலை என்று புருஷனுக்காகக் காத்திருந்த ஒருத்தியை யாருக்கும் தெரியவில்லை. அவள் எத்தனை வருஷம் ரயிலில் அந்தப் பாலத்தைத் தாண்டினாளோ, அவளுக்கு வரவேண்டியவர் தன் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று தேவானைக்குச் சில நாள் சோறு பரிமாறவே கூச்சமாக இருந்தது. ஒரு மத்தியானம் மோர் ஊற்றும்போது கேட்டுவிட்டாள்.

"எப்டி இருப்பா அவ?"

சுப்புராயன் சாதத்தைப் பிசைந்தபடி யோசித்தார். "உன்னமேரிதான். கொஞ்சம் குள்ளம். கோவம் வந்தா பேச மாட்டா."

"அவ எடத்துக்கு நான் வந்ததுல அவளுக்கு ஒண்ணும் வருத்தம் இருக்காதுல்ல?"

"வந்தது நான்தான்மே" என்றார் அவர். "நீ எங்கயும் போவலயே."

அந்தச் சந்தில் இப்போது எல்லோருக்கும் இது பழகிவிட்டது. எழுந்ததும் அவர் அஞ்சலை என்றுதான் கூப்பிடுகிறார், பத்து மணிக்கு மேல் தேவானை என்கிறார், காய்ச்சல் நாட்களில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார். எந்தப் பேரைச் சொன்னாலும் அவள் செய்துகொண்டிருப்பதைப் போட்டுவிட்டு, இன்னாயா என்று கேட்டுக்கொண்டே வருகிறாள்.