பேச்சில் சேராத வார்த்தை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. ஆங்கிலம் கற்கிறவர்களுக்காக நடக்கும் ஒரு சிறு பத்திரிகையில், 'ஈஸி' என்ற சொல் அன்றாட ஆங்கிலத்தில் எங்கெங்கே எப்படிப் புழங்குகிறது என்று இரண்டு பக்கம் எழுதிக் கேட்டார்கள். இதில் என்ன இருக்கிறது, ஒரு காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தது ஈஸி சேரில். அங்கேயே சிக்கல் ஆரம்பித்தது. சுகமாக இருப்பது உட்காருகிறவனுக்கு, பட்டமோ நாற்காலிக்கு. பழைய விளம்பரங்களில் தையல் மிஷினை 'ஈஸி டெர்ம்ஸ்' என்று விற்றிருக்கிறார்கள். மாதா மாதம் தவணை கட்டியவனைக் கேட்டால் அது எவ்வளவு ஈஸி என்று தெரியும். பட்டாளத்தில் 'ஸ்டாண்ட் ஈஸி' என்று அதட்டினால்தான் சிப்பாய் தளர்ந்து நிற்கலாம். கோபத்தில் இருப்பவனிடம் 'டேக் இட் ஈஸி' என்று சொல்லிப் பாருங்கள். என் மனைவியிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இப்படிக் குறித்துக்கொண்டே வந்தபோது, கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் இடத்தில் 'ஈஸி' என்று தனியாகச் சொன்னாலே 'மெல்ல, மெல்ல இறக்கு' என்று பொருள் எனக் கண்டேன். அங்கே கட்டுரை நின்றுவிட்டது. எவன் சொன்னான், எவனுக்குச் சொன்னான் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது போல் ஆகிவிட்டது.

2

தொடக்கங்கள்.

'1931இல் ராயபுரத்துக்கு வடக்கே கடல் நீலமாக விரிந்து—' (வேண்டாம். அங்கே இருப்பவன் யாரும் கடலை இப்படிப் பார்ப்பதில்லை.)

'பொன்னுரங்கம் மிகவும் நல்லவன்.' (இதைக் கேட்டால் பொன்னுரங்கமே சிரிப்பான்.)

'பொன்னுரங்கத்தோடு குப்பத்தில் யாரும் பேசுவதில்லை.'

இது இருக்கட்டும்.

பொன்னுரங்கம் ராயபுரத்தை அடுத்த ஒரு மீனவக் குப்பத்துக்காரன். கட்டுமரத்தை விட்டுவிட்டுத் துறைமுக வேலைக்குப் போனவன். கப்பலின் மேல்தளத்தில், சரக்கறையின் வாயோரம் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு, சரக்கைத் தூக்கு, இறக்கு, நிறுத்து என்று குரல் கொடுப்பது அவன் வேலை. அந்தக் குரலைக் கேட்டு, சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்சு மிஷினை ஓட்டுகிறவன் லோகநாதன். அதே குப்பம், ஒரே வயசு, சின்னதிலிருந்து தோஸ்து.

பேச்சு நின்ற காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். குப்பத்துத் தலைவர், பெரியதனக்காரர் கிருஷ்ணப்பனின் ஒரே மகன் கட்டுமரம் கவிழ்ந்து செத்தான். குப்பத்தில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. பொன்னுரங்கம் போனான். வரவில்லை என்றால் இனிமேல் வரவே வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டிருந்தார். மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் ஊர் நடுவில் காலில் விழ மாட்டேன் என்று பஞ்சாயத்தில் சொன்னான். நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, பேச்சு கிடையாது என்று தீர்ந்தது. அவனோடு பேசுகிற வீட்டுக்கும் அதே கட்டு.

(கிருஷ்ணப்பனைக் கொடுமைக்காரராக எழுதத்தான் முதலில் நினைத்தேன். மீசைகூட வைத்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர் மீசையை முறுக்குவாரா? எடுத்துவிட்டேன்.)

3

இப்போது சிக்கலைப் பாருங்கள். விஞ்சு வேலையில் ஒரு வழக்கம் உண்டு. (எனக்குத் தேவைப்படுவதால் உண்டு.) குரல் கொடுப்பவன் சொன்னதை விஞ்சுக்காரன் திருப்பிச் சொல்ல வேண்டும், காதில் விழுந்ததா என்று தெரிய. பொன்னுரங்கம் "ஈஸி" என்றால் லோகநாதனும் "ஈஸி" என்றாக வேண்டும். சரக்கறைக்குள் மூட்டை அடுக்குகிற நாலு பேரும் அதே குப்பத்து ஆட்கள். யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள்.

பஞ்சாயத்து கூடியது. லோகநாதனைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். மகள் கெங்கம்மாவுக்குக் குப்பத்திலேயே மாப்பிள்ளை பார்த்து, தை மாதம் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தான். கட்டு விழுந்த வீட்டில் எவன் பெண் எடுப்பான்?

"அது பேச்சே இல்ல பெரியவரே," என்றான். "விஞ்சு கத்தற மாரி அதுவும் ஒரு சத்தம். அதுக்கு இன்னா அர்த்தம்னு எனக்கே தெரியாது."

பெரியவர்கள் வெகுநேரம் யோசித்தார்கள். நம் பாஷையில் இல்லாதது, சாமிக்குப் புரியாதது, அது பேச்சில் சேருமா? கடைசியில் சேராது என்று முடிவானது. ஆனால் அந்த ஒரு வார்த்தைதான்; தூக்கு, நிறுத்து எல்லாம் இனிமேல் கைச்சாடையில். அதற்கு மேல் ஒரு சொல் போனாலும் லோகநாதன் வீட்டுக்கும் கட்டு.

அந்தத் தீர்ப்பு எனக்குக் கரும்பாக இனித்தது. பெரிய பெரிய அகராதிக்காரர்கள் கூட ஒரு சொல்லை இப்படி வட்டம் போட்டு உட்கார்ந்து விசாரித்திருக்க மாட்டார்கள்.

4

(இந்தப் பகுதியில் சரக்குக் கப்பல்களைப் பற்றிப் படித்ததையெல்லாம் கொட்டியிருந்தேன். அடித்துவிட்டேன். உங்களுக்கு நிம்மதி.)

5

அதற்கப்புறம் அந்த இரண்டு பேரும் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு குடும்பமே நடத்தினார்கள். காலையில் ஏணி ஏறி வந்ததும் லோகநாதன் கேட்பான்: "ஈஸி?" வீட்டில் எல்லாரும் சுகமா என்று அர்த்தம். பொன்னுரங்கம் தோளைக் குலுக்கிக்கொண்டு "ஈஸி" என்றால், பெண்டாட்டி முத்தம்மா இன்றைக்கும் திட்டினாள் என்று அர்த்தம். மேஸ்திரி முதுகைக் காட்டியதும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ஈஸி. அதை இங்கே மொழிபெயர்க்க முடியாது. கெங்கம்மாவுக்குப் பரிசம் போட்ட மறுநாள் லோகநாதன் புதுத்துண்டோடு வந்து நின்றபோது, பொன்னுரங்கம் அவனைப் பார்த்து மெல்ல, ரொம்ப மெல்ல, ஒரு ஈஸி சொன்னான். லோகநாதன் திரும்பி நின்று விஞ்சைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

முத்தம்மாவுக்கு இதெல்லாம் ஆறுதலாக இல்லை. அடுப்புக்கு நெருப்புக் கேட்கப் போக வீடில்லை. குழாயடியில் அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகுகிறார்கள். "உனுக்கு ஒரு வார்த்தையாவது கீது," என்றாள் புருஷனிடம். "எனுக்கு இன்னா கீது?"

(பொன்னுரங்கம் இதற்குப் பதில் சொல்வதாக மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவன் குடத்தை எடுத்துக்கொண்டு தானே குழாயடிக்குப் போய்விட்டான்.)

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. பொன்னுரங்கம் சரக்கறைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கரையிலிருந்த கிரேன், தண்டவாள இரும்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. ஒரு பக்கத்துக் கயிறு நழுவி, இரும்பு சாய்ந்து, தளத்தின் மேல் இடுப்பு உயரத்துக்கு வீசிக்கொண்டு வந்தது. அவனுக்கு முதுகுப் பக்கம். லோகநாதனுக்கு நேர் எதிரில்.

ஈஸி என்று கத்தினால் என்ன ஆகும்? பொன்னுரங்கம் இன்னும் கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்ப்பான், அவ்வளவுதான். இருந்த ஒரே வார்த்தை அன்றைக்கு உதவவில்லை.

"டேய் பொன்னுரங்கம், படுடா!"

பொன்னுரங்கம் விழுந்து படுத்தான். இரும்பு அவனுக்கு மேலே போய்விட்டது. கீழே இருந்த நாலு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். விஞ்சு இரைச்சலையும் மீறிக் கேட்டிருந்தது. லோகநாதன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றான்.

6

முடிவுகள்.

ஒன்று: கிருஷ்ணப்பன் மனம் உருகி இருவரையும் கட்டிக்கொள்கிறார். (எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் மகன் திரும்பி வரவில்லையே.)

இரண்டு: லோகநாதன் 'ஆமாம், பேசினேன்' என்று நெஞ்சை நிமிர்த்துகிறான். (அவன் நிமிர்த்துவான். கெங்கம்மா என்ன பாவம் செய்தாள்?)

மூன்றாவதை நான் தொடங்கினேன். அதுவாகவே போய்க்கொண்டிருக்கிறது.

கங்கையம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்து. பேசினானா இல்லையா என்று லோகநாதனைக் கேட்கவில்லை. சரக்கறையில் இருந்தவர்களைக் கேட்டார்கள். தட்டில் கற்பூரம் எரிகிறது. அதை உள்ளங்கையால் அணைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். பொய் சொன்னவனைக் கடல் திருப்பி அனுப்பாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். நாலு பேர் வீட்டிலும் கட்டுமரம் இருக்கிறது.

கிருஷ்ணப்பன் முன்னால் வந்து சொன்னார்: "எம் புள்ள பொணமா கெடக்கசொல்ல ஊரே நின்னுச்சு. இவன் ஒருத்தன் வேலைக்குப் பூட்டான். மறந்துட்டு போன்னு எனுக்கு சொல்லாதீங்க. அன்னிக்கு கப்பல்ல லோகநாதன் இன்னா கத்தினான்? அத மட்டும் சொல்லுங்க."

முதல் ஆள் ஜெயவேல். கற்பூரத்தை அணைத்தான். யாரையும் பார்க்காமல் "ஈஸி" என்றான்.

மறுபடி ஏற்றினார்கள். இரண்டாமவன் "ஈஸி" என்றான். மூன்றாமவன் அவசரமாக அணைத்தான். சொன்னது அதையேதான். நாலாவது ஆள் கிழவன், வாழ்நாளில் பொய்யே சொல்லாதவன் என்று பேர் எடுத்தவன். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். அணைத்தான். "ஈஸி."

கூட்டத்தின் ஓரத்தில் முத்தம்மா நின்றிருந்தாள். யாரும் அவளை விலகிப் போகச் சொல்லவில்லை. பொன்னுரங்கம் தரையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான். லோகநாதன் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டான்.

கிருஷ்ணப்பன் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் அல்ல. இன்னும் ஒரு சாட்சி இருக்கிறது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. எழுதினவன் எதையும் சொல்வான் என்று என்னை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

உங்களைத்தான் பார்க்கிறார். ஐந்தாம் பகுதியில் நீங்களும் அங்கே இருந்தீர்கள். லோகநாதன் கத்தியது உங்கள் காதில் தெளிவாக விழுந்தது. மேலே போய் மறுபடி பார்க்க வேண்டாம், ஞாபகம் இருக்கும்.

கற்பூரம் ஏற்றியாகிவிட்டது. கையை நீட்டுங்கள். லோகநாதன் என்ன கத்தினான்?